ரூபிகான் பாதை: நான்கு கதவு ராங்லரில் லிஃப்ட் போடாமல் போகலாமா?

ஃப்ரீமாண்ட்_கார்த்தி:

எல்லோருக்கும் வணக்கம். ஆகஸ்ட் மூன்றாவது வாரம், கலிஃபோர்னியா மலைக்குள் பாறைமேல் வண்டி ஓட்டும் ரூபிகான் பாதையில் இறங்கலாம் என்று இருக்கிறேன். லூன் லேக் பக்கம் நுழைந்து டஹோமாவில் வெளியே வருவதாகத் திட்டம்.

என் வண்டி ஜீப் கம்பெனியின் ராங்லர் ரூபிகான் (ஜேஎல் என்கிற தலைமுறை), நான்கு கதவு, ஆட்டோமேட்டிக். கம்பெனியில் வந்த 33 அங்குல டயர், அதே சஸ்பென்ஷன். ஒரு போல்ட்டைக்கூட மாற்றவில்லை. வண்டிக்கே அந்தப் பாதையின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள், அப்புறம் ஏன் போகாது என்று வாங்கும்போது நினைத்தேன். இப்போது வீடியோக்களைப் பார்க்கப் பார்க்க வயிற்றைக் கலக்குகிறது. ஓடைக்குள் பாறையைக் கொட்டி வைத்த மாதிரி இருக்கும் அந்த பிக் ஸ்லூஸ் இறக்கத்தில் இவ்வளவு நீள வண்டி எப்படி வளைந்து போகும் என்றே புரியவில்லை.

அனுபவம் என்று பார்த்தால் ஹாலிஸ்டர் ஹில்ஸில் மண் ஏற்றங்கள், பிஸ்மோ கடற்கரை மணல். பாறையில் அதிகம் ஓட்டியதில்லை.

கடையில் விசாரித்தேன். வண்டியின் உடம்பை உயர்த்தும் இரண்டரை அங்குல லிஃப்ட், 35 அங்குல டயர், இரும்பு பம்பர், கயிற்றைச் சுற்றி வண்டியை இழுக்கும் வின்ச் எல்லாம் போடாமல் அந்தப் பக்கம் போகவே கூடாது என்கிறார்கள். மொத்தமாகக் கூட்டினால் ஒரு பழைய கார் வாங்கும் காசு வருகிறது. எல்லாம் வேண்டுமா? ஒன்றிரண்டு மட்டும் என்றால் எதை முதலில் போடுவது?

இன்னொரு வண்டியும் வரும். நண்பருடைய டொயோட்டா 4ரன்னர், பின்பக்கம் மட்டும் லாக்கர் (ஒரு அச்சின் இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டி ஒன்றாகச் சுற்ற வைப்பது), அவருடையதும் எதையும் மாற்றாத ஸ்டாக்தான். என்னோடு மனைவியும் எட்டு வயது மகளும் வருகிறார்கள். மொத்தம் 12 மைல்தானே, காலையில் நுழைந்தால் இருட்டுவதற்குள் டஹோமா போய்ச் சேர முடியுமா?

பிளாசர்வில்_முருகேசன்:

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். ஒரே நாளில் முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் அப்படி நினைக்க வேண்டாம். 1887-லேயே எல் டொராடோ கவுண்டி இதைப் பொது நெடுஞ்சாலை என்று அறிவித்துவிட்டது. பெயர்தான் நெடுஞ்சாலை, கடினமான இடங்களில் மணிக்கு ஒரு மைல் நகர்ந்தாலே நல்ல வேகம். முன்னால் ஒருவன் அச்சை முறித்துக்கொண்டு நின்றால் அதுவும் இல்லை. பக் ஐலண்ட் ஏரிப் பக்கமோ ரூபிகான் ஸ்பிரிங்ஸிலோ ஒரு ராத்திரி தங்குகிற மாதிரி சாமான் கட்டுங்கள்.

இப்போது வண்டி. கடைக்காரர் சொன்ன பட்டியலில் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டார்: ராக் ஸ்லைடர். கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் கனமான இரும்புக் குழாய். உங்கள் வண்டியில் கம்பெனி கொடுத்த ரெயில் ஒன்று இருக்கும், மோசமில்லை. ஆனால் அந்த நீள வண்டியின் எடையைத் திரும்பத் திரும்பப் பாறைமேல் இறக்கிவைக்க அது போதாது என்பது என் அபிப்ராயம். உங்களிடம் ஒரே ஒரு வேலைக்குத்தான் காசு இருக்கிறது என்றால் அதை ஸ்லைடரில் போடுங்கள்.

காரணம் சொல்கிறேன். உங்கள் வண்டியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 118.4 அங்குலம். இரண்டு கதவு ராங்லரில் 96.8. முகத்தையும் பின்புறத்தையும் பற்றிக் கவலையே வேண்டாம், ஜீப் அதை நன்றாகச் செய்திருக்கிறது. அடி வாங்கப் போவது நடுவயிறு. முன் சக்கரம் ஒரு படியிலிருந்து இறங்கிவிடும், பின் சக்கரம் இன்னும் மேலேயே இருக்கும், இடையில் அந்தப் பத்தடி நீளம் பாறை விளிம்பில் உட்காரும். அப்படி உட்கார்ந்துவிட்டால் புரட்டிப் போட்ட ஆமைதான்: நான்கு காலும் சுற்றும், உடம்பு நகராது. ஸ்லைடரும் அடித்தகடும் இருந்தால் வழுக்கிக்கொண்டு இறங்கும். இல்லாவிட்டால் கதவைத் திறக்க முடியாதபடி தகடு மடங்கும்.

லிஃப்ட் பற்றி எல்லோருக்கும் இருக்கிற தப்பெண்ணம் ஒன்று உண்டு. லிஃப்ட் போட்டால் உடம்புதான் உயரும். அச்சுக்கு அடியில் ஒரு நூல்கூட உயராது. அங்கே உயர்த்துவது டயர் மட்டும்தான். 33-லிருந்து 35-க்குப் போனால், அச்சில் உருண்டையாகப் புடைத்து நிற்கும் கியர் பெட்டியான டிஃபரன்ஷியலுக்கு அடியில் ஒரு அங்குலம் கிடைக்கும், அவ்வளவுதான். அந்த ஒரு அங்குலம் பிரயோஜனமா என்றால், பிரயோஜனம்தான். ஆனால் நீங்கள் டயரை எங்கே வைக்கிறீர்கள் என்பதை வைத்து ஆறு அங்குலம் கிடைக்கும், காசில்லாமல்.

ரோட்டில் ஓட்டிப் பழகியவர்கள் எல்லோரும் கல்லைக் கண்டால் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விட்டுப் போவார்கள். கை தானாக அப்படித் திரும்பும். ரூபிகானில் அதை மறந்துவிடுங்கள். பாறை பெரிதாக இருந்தால் டயர் அதன் தலைமேல் ஏற வேண்டும். அப்போதுதான் வயிறு மேலே போகும். நடுவில் விட்டே ஆக வேண்டிய இடம் வந்தால் இதை நினைவில் வையுங்கள்: உங்கள் வண்டியில் முன் டிஃபரன்ஷியல் நடுவில் இல்லை, ஓட்டுநர் பக்கம் தள்ளி இருக்கிறது. பின்னால் உள்ளது நடுவில். வலப்பக்கம் கொஞ்சம் ஒதுக்கி விட்ட பாறை முன் அச்சைச் சுகமாகத் தாண்டிவிடும், "அப்பாடா" என்று ஆக்ஸிலரேட்டரைத் தொடுவீர்கள், பின்னால் டங்கென்று இடிக்கும். வீட்டு வாசலில் ஒருமுறை வண்டிக்கு அடியில் மல்லாக்கப் படுத்து அந்த இரண்டு உருண்டைகளும் எங்கே இருக்கின்றன என்று பார்த்து மனசில் பதித்துக்கொள்ளுங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு படுங்கள், குழந்தைகளுக்கு இது பிடிக்கும்.

காற்று. லூன் லேக்கில் மண்ணில் இறங்கியதும் நான்கு டயரிலும் 15 பிஎஸ்ஐ-க்குக் குறையுங்கள். பீட்லாக் (டயர் விளிம்பை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் வளையம்) இல்லாத ரிம் என்பதால் 12-க்குக் கீழே போக வேண்டாம், பக்கவாட்டில் அழுத்தம் வந்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். அங்கே இருப்பது கிரானைட். காய்ந்திருந்தால் உப்புத்தாள் மாதிரி பிடிக்கிற கல், காற்றுக் குறைந்த டயர் அதன் மேடு பள்ளத்தில் அப்படியே படிந்து பிடித்துக்கொள்ளும். முழுக் காற்றோடு போனால் அதே கல்லில் துள்ளும். வெளியே வந்ததும் நிரப்ப ஒரு நல்ல கம்ப்ரஸர் வேண்டும்.

கியர் 4 லோ, கையால் முதல் கியரில் நிறுத்துங்கள். உங்கள் ஆட்டோமேட்டிக்கில் கடைசிக் குறைப்பு 77-க்கு 1, அதாவது கியர்கள் வேகத்தை 77-இல் ஒரு பங்காகக் குறைத்துச் சக்கரத்துக்குக் கொடுக்கும். இன்ஜின் சும்மா ஓடினாலே வண்டி ஊரும். இடது காலை பிரேக்கில் லேசாக வைத்துக்கொண்டு வலது காலால் கொஞ்சமாகக் கொடுத்துப் பழகுங்கள். ஆட்டோமேட்டிக்கில் பாறை ஏறி இறங்கும்போது அந்த இடது கால்தான் வண்டியைப் பொத்தென்று விழாமல் பிடிக்கும். திருப்பத்தில் வண்டி சாயாமல் பிடிக்கும் ஸ்வே பாரைக் கழற்றிவிடுங்கள். பின் லாக்கரை முதலில் போடுங்கள், முன் லாக்கர் தேவைப்படும் இடத்தில் மட்டும். முன் லாக்கர் போட்டு, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, டயர் சிக்கியிருக்கும்போது ஆத்திரத்தில் மிதித்தால் அச்சுக்கம்பியோ அதன் யு-ஜாயின்டோ போய்விடும். அங்கே உடைவதில் பெரும்பங்கு இப்படித்தான்.

நீங்கள் பயப்படும் பிக் ஸ்லூஸ் பக் ஐலண்டைத் தாண்டி வரும் இறக்கம். மரங்களுக்கு இடையில் ஒடுக்கமாக, பாறைமேல் பாறையாக ஸ்பிரிங்ஸ் வரை இறங்கும். பனி உருகும் மாதங்களில் ஈரமும் இருக்கும், ஆகஸ்டில் பெரும்பாலும் காய்ந்துவிடும். ஏற்றத்தில் சிக்கினால் வண்டி நிற்கும். இறக்கத்தில் தடுமாறினால் அதுவே உங்களை இழுத்துக்கொண்டு போகும், வித்தியாசம் அதுதான். ஒவ்வொரு படியிலும் முன் சக்கரம் தரையைத் தொட்ட பிறகுதான் அடுத்ததை யோசிக்க வேண்டும். வண்டி உருள ஆரம்பித்த பிறகு பிரேக்கை அழுத்திப் பயனில்லை, உருளவே விடக்கூடாது. கடினமான திருப்பங்களில் இறங்கி நடந்து பார்த்துவிட்டு வந்து ஓட்டுங்கள். பின்னால் ஹார்ன் அடிப்பவர் யாரும் அங்கே கிடையாது.

வெளியே நின்று கையால் வழிகாட்டும் ஸ்பாட்டர் ஒருவர்தான். ஒரே ஒருவர். நான்கு பேர் நின்று "ரைட்டு, லெஃப்ட்டு, வா வா" என்று கத்தினால் எல்லாக் கண்ணாடியையும் இறக்கிவிட்டுப் பாட்டுப் போட்டுக்கொள்ளலாம், பலன் ஒன்றுதான். நான் சொல்வது, உங்கள் மனைவிக்கு இதைக் கற்றுக்கொடுங்கள். எப்படியும் பெரிய பாறை இடங்களில் மற்றவர்கள் இறங்கி நடப்பதுதான் நல்லது. அவர் முன்னால் பத்துப் பதினைந்து அடி தள்ளி, சாய்வில் வண்டிக்கு நேர் கீழே இல்லாமல் ஒதுங்கி நிற்க வேண்டும். இரண்டு கையையும் காட்டுகிற பக்கம் ஸ்டியரிங். முஷ்டியை மூடினால் அசையாமல் நிற்க வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. கல்யாணமானவர்களுக்கு இந்த இடம் கொஞ்சம் சிரமம்.

ரீனோ_பாலா:

முருகேசன் அண்ணன் ஸ்லைடர் பற்றிச் சொன்னதெல்லாம் சரி. 35 டயர் விஷயத்தில் மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 33-இல் போகலாம், போகிறார்கள். ஆனால் எப்போதும் ஸ்பாட்டர் சொன்ன கோட்டில் நூல் பிடித்துப் போகிறவருக்குத்தான் அது. பாறையில் புதிதாக ஓட்டுபவர் ஒரு அடி தள்ளித்தான் போவார், அந்த ஒரு அங்குலம் அவருக்குத்தான் தேவை. காசு இருந்தால் ஸ்லைடர், அதன்பின் 35. ஜேஎல் ரூபிகானில் லிஃப்ட் இல்லாமலே 35 நுழையும், அங்கங்கே உரசும். பம்பர் அழகுக்கு. பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

வின்ச் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு வண்டியில் ஒன்றிலாவது இருக்கட்டும். பயணச் சாமான், தண்ணீர், ஆள் எல்லாம் சேர்த்து உங்கள் வண்டி 5,500 பவுண்டு பக்கம் வரும். எடையில் ஒன்றரை மடங்கு என்ற கணக்கில் 9,500 பவுண்டு வின்ச் போதும். பெட்டியில் போட்டிருக்கும் அந்தச் சக்தி டிரம்மில் கயிற்றின் அடி அடுக்கு மட்டும் மிச்சம் இருக்கும்போது கிடைப்பது. கயிறு நிறையச் சுற்றியிருக்கும்போது இழுத்தால் சக்தி கணிசமாகக் குறையும். ஆகவே கொஞ்சம் தூரமான மரத்தைத் தேர்ந்தெடுங்கள், பட்டையைக் காயப்படுத்தாத அகலப் பட்டி போட்டுக் கட்டுங்கள்.

இதைத் தனியாகச் சொல்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்: பின்னால் ட்ரெய்லர் மாட்டும் அந்த உருண்டைக் குமிழில் கயிற்றை மாட்டி இழுக்கவே கூடாது. அது இழுத்துச் செல்வதற்கு ஆனது, வெட்டி இழுப்பதற்கு அல்ல. முறிந்தால் துப்பாக்கிக் குண்டு வேகத்தில் வரும், ஆள் செத்திருக்கிறார்கள். ராங்லர் ரூபிகானில் முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்று சிவப்புக் கொக்கி கொடுத்திருக்கிறார்கள், அதற்குத்தான். கயிறு இறுகியதும் அதன் மேல் ஒரு கனமான ஜமுக்காளமோ பையோ போடுங்கள், எல்லோரும் கயிற்றின் நீளத்துக்கு அப்பால் நிற்கட்டும்.

போன வருஷம் எங்கள் கூட்டத்தில் ஒருவருக்கு வாக்கர் ஹில் தாண்டியதும், முன் சக்கரங்களைச் சேர்த்துத் திருப்பும் டை ராட் என்கிற கம்பி வளைந்துவிட்டது. முன் சக்கரங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. இரண்டு பாட்டரியைத் தொடராக இணைத்து வெல்டிங் ராடு வைத்து ஒரு பெரியவர் அங்கேயே ஒட்டிக்கொடுத்தார், அதோடு டஹோமா வந்து சேர்ந்தோம். பேர் கூடச் சொல்லாமல் போய்விட்டார். அங்கே இப்படி ஆட்கள் கிடைப்பார்கள், ஆனால் நம்பிப் போகக் கூடாது. போன் சிக்னல் இருக்காது, சாட்டிலைட் கருவி ஒன்று கையில் இருக்கட்டும்.

ஆபர்ன்_மீனா:

குழந்தையோடு போவதால் நானும் எழுதுகிறேன். என் பையன் ஏழு வயதிலிருந்து வருகிறான். சீட்டில் உட்கார்ந்து தலை ஆடிக்கொண்டே இருந்தால் பிள்ளைகளுக்கு வாந்தி வரும். கடினமான இடங்களில் நடக்க விட்டால் ஒன்றும் வராது, அவர்களுக்கும் அதுதான் சந்தோஷம். நல்ல பிடிப்புள்ள ஷூ, தொப்பி, கொசுவுக்கு மருந்து. ஸ்பிரிங்ஸ் பக்கம் பாறை இடுக்கில் கைவிடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள், கட்டுவிரியன் மாதிரி இல்லை, வாலை ஆட்டிச் சத்தம் கொடுக்கிற ராட்டில் பாம்பு உண்டு. சாப்பாட்டைக் கரடி திறக்க முடியாத டப்பாவில்.

கழிவறை பற்றி யாரும் எழுதவில்லை. பையில் போகிற வாக் பேக்குகளைத் தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் பண்ணி எடுத்துப் போய், திரும்பக் கொண்டுவர வேண்டும். முகம் சுளிக்காதீர்கள். 2004-இல் ஸ்பைடர் லேக் பக்கம் மனிதக் கழிவு பெருகிப்போய் அந்தப் பகுதியையே கவுண்டி மூடியது. அதன்பின் பாதையைத் திறந்து வைத்திருக்கத் தன்னார்வலர்கள் எவ்வளவு பாடுபட்டார்கள் என்பது இந்தப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும். அதே மாதிரி எண்ணெய் கசிந்தால் உறிஞ்சி எடுக்கும் துணிகள் ஒரு பொட்டலம். ஆயில் பேன் பாறையில் கிழிந்தால் அது நேராக ஆற்றுக்குத்தான் போகும். தீ மூட்டுவதாக இருந்தால் கேம்ப்ஃபயர் பர்மிட் எடுங்கள், ஆகஸ்டில் தடை இருந்தால் அடுப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஃப்ரீமாண்ட்_கார்த்தி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி டார்ச் லைட் வைத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தோம். முன் டிஃபரன்ஷியல் ஓட்டுநர் பக்கம் இருக்கிறது என்பது இத்தனை நாள் தெரியவே தெரியாது. மகள் சாக்பீஸால் தரையில் இரண்டு வட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.

ஸ்லைடருக்கு ஆர்டர் கொடுத்துவிட்டேன். 35 டயர் பற்றி யோசிக்கிறேன், லிஃப்ட் வேண்டாம். இன்னும் இரண்டு சந்தேகம். நண்பருடைய 4ரன்னர் வருமா? அப்புறம் கேடிலாக் ஹில் பற்றி யாருமே பெரிதாகச் சொல்லவில்லை. வீடியோவில் ஒரு பக்கம் அதலபாதாளமாகத் தெரிகிறது.

பிளாசர்வில்_முருகேசன்:

சாக்பீஸ் வட்டம் அருமை. அதன் மேல் ஒரு செங்கல்லை வைத்து, வண்டியை மெதுவாக நகர்த்தி, எது தாண்டுகிறது எது இடிக்கிறது என்று மனைவியை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்பாட்டிங் பாடம் அங்கேயே ஆரம்பமாகிவிடும்.

4ரன்னர் விஷயத்தில் நண்பர் மனம் நோகும், பரவாயில்லை. வேண்டாம். நல்ல வண்டி, குறை சொல்லவில்லை. ஆனால் முன்னால் தனித்தனி சஸ்பென்ஷன். ஒரு சக்கரம் பாறைமேல் ஏறினால் உங்கள் வண்டியில் மறு சக்கரம் கீழே அழுந்தும், அவருடையதில் அந்தரத்தில் தொங்கும். முன் லாக்கரும் இல்லை, ஸ்லைடரும் இல்லை. கட்டித் தயாரித்த 4ரன்னர்கள் ரூபிகானில் நிறைய வருகின்றன, ஸ்டாக் வண்டியைக் கொண்டுவந்தால் நீங்கள் இரண்டு நாளும் அவரை இழுப்பதே வேலையாக இருப்பீர்கள். அவரை உங்கள் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். இரண்டாவது வண்டிக்கு ஏதாவது ஒரு ஜீப் கிளப்பின் பயணத்தோடு சேருங்கள். தனி வண்டியாக மட்டும் போகக் கூடாது.

அதற்கு முன்னால் ஒரு வேலை. ஃபால்சம் பக்கத்தில் பிரெய்ரி சிட்டி இருக்கிறதே, அங்கே நான்கு சக்கர வண்டிக்கென்று பாறைகளைப் போட்டு வைத்திருக்கிறார்கள். ஹாலிஸ்டரிலும் அப்படி ஒரு இடம் உண்டு, உங்களுக்கு அதுதான் பக்கம். மண் ஏற்றத்தை விட்டுவிட்டு அந்தப் பாறையிலேயே ஒரு முழுநாள் ஓட்டுங்கள். இடது கால் பிரேக் இயல்பாக வரும்வரை. வண்டி ஸ்லைடர் மேல் உட்கார்ந்து கறகறவென்று அரைபடும் சத்தத்தை முதலில் அங்கே கேட்டுவிடுவது நல்லது. முதல்முறை கேட்பவர்கள் வண்டியே போச்சு என்று காலை மிதித்துவிடுவார்கள்.

கேடிலாக் ஹில் ஸ்பிரிங்ஸைத் தாண்டி, ஆற்றுப் பாலம் கடந்ததும் வரும் ஏற்றம். ஒரு பக்கம் சரிவு, உண்மைதான். கீழே ஒரு பழைய காரின் துருப்பிடித்த எலும்புக்கூடு கிடக்கிறது, குன்றுக்கு அந்தப் பெயர் அதனால்தான். ஆனால் பாதாளத்தைப் பார்த்து எல்லோரும் உள்பக்கச் சுவரை ஒட்டியே போவார்கள், அங்கேதான் பாறைகள் துருத்திக்கொண்டு நிற்கும். உள்பக்கச் சக்கரம் அதன் மேல் ஏறினால் வண்டி எந்தப் பக்கம் சாயும் என்று யோசித்துப் பாருங்கள், வெளிப்பக்கம்தான். பயத்தினால் தேர்ந்தெடுத்த கோடு பள்ளத்தின் பக்கமே சாய்த்துவிடும். பாதையின் நடுவைப் பிடித்து, ஸ்பாட்டரின் கையை மட்டும் பார்த்து ஏறுங்கள். திருப்பங்களில் ஒரே வீச்சில் திரும்பாது, உங்கள் நீளத்துக்கு ஒருமுறை பின்னால் வந்து திருப்ப வேண்டியிருக்கும். பின்னால் வருகிற வண்டியை அதற்கு இடம் விட்டு நிறுத்தச் சொல்லுங்கள். மேலிருந்து யாராவது இறங்குகிறார்களா என்று ரேடியோவில் கேட்டுவிட்டு ஏறுங்கள், நடுவில் எதிரெதிரே மாட்டிக்கொண்டால் ஒதுங்க இடம் குறைவு.

ஏறி முடித்ததும் அப்சர்வேஷன் பாயின்ட். அதற்குப் பிறகு டஹோமா வரை கஷ்டமான இடம் கிடையாது, தூசிதான். கண்ணாடியை ஏற்றிக்கொள்ளுங்கள்.

ரீனோ_பாலா:

4ரன்னர் நண்பருக்கு என் அனுதாபங்கள். டயர் வாங்குவதாக இருந்தால் ஐந்தாக வாங்குங்கள் கார்த்தி. பின்னால் மாட்டியிருக்கும் ஸ்பேர் 33, ஓடுவது 35 என்று இருந்தால், பக்கச்சுவர் கிழிந்து மாற்றும்போது லாக்கரோடு ஓட்டினால் டிஃபரன்ஷியலுக்கு ஆபத்து. அந்த ஐந்தாவது டயரின் எடைக்குப் பின்கதவுக் கீலையும் ஒருமுறை பார்த்து இறுக்கிவிடுங்கள்.